நாலரை மணிக்கு இருட்டும் ஊரில் முதல் குளிர்காலம்

(நமது குடியிருப்பின் அக்டோபர் மாதச் சந்திப்பில் சி பிளாக்கைச் சேர்ந்த ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காகவும், வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் இங்கே வெளியிடுகிறோம்.)

மொட்டை மாடியில்தான் பேசுவதாக இருந்தது. மேகத்தைப் பார்த்துவிட்டுச் செயலாளர் சார் நாற்காலிகளை எல்லாம் ஹாலுக்கு இறக்கிவிட்டார். வடகிழக்குப் பருவமழையை நம்பி யாரும் மாடியில் கூட்டம் போட முடியாது.

நான் ஏன் பேச வேண்டும் என்று கேட்டேன். "இந்த வருஷம் மட்டும் நம்ம வளாகத்திலிருந்து எத்தனை பிள்ளைங்க வெளிநாடு போயிருக்காங்க தெரியுமா? பெத்தவங்க எல்லாரும் என்கிட்டதான் குளிர் எப்படி இருக்கும்னு கேக்கறாங்க. நான் ஊட்டியைத் தாண்டினதில்லை. நீங்க மூணு வருஷம் இருந்தீங்களே" என்றார். சரி என்றேன். ஆனால் ஒன்று. நான் இருந்தது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்ற ஒரே ஒரு ஊரில். டொரண்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்குக் குளிர் இன்னும் கூடுதல், மற்றதிலும் வித்தியாசம் இருக்கும். இன்னொன்று, என் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் மிகைப்படுத்திச் சொல்ல வழியில்லை.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருக்கிறது நகரம். சுற்றிலும் மேடு. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் ஊருக்குள்ளேயே வந்துவிடும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே நானூறுக்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள். 'ஷ்டெஃபெலெ' என்பார்கள். அந்தப் பகுதிப் பேச்சில் எந்தச் சொல்லுக்கும் பின்னால் ஒரு 'லெ' போட்டுச் செல்லமாக்கிவிடுவார்கள். கார் தொழிலின் ஊர் என்பதால் சென்னை, புனே, கோயம்புத்தூர் ஆட்களை அங்கே நிறையப் பார்க்கலாம். மும்பைக்கும் அந்த ஊருக்கும் 1968 முதல் சகோதர நகர உறவு உண்டு.

எதிர்த்திசையில் வந்தவர்களும் இருக்கிறார்கள். மலையாளத்துக்குப் பெரிய அகராதி தொகுத்த ஹெர்மன் குண்டர்ட் 1814-இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். 1836-இல் மெட்ராஸ் வந்து இறங்கி, முதலில் தமிழ் கற்று, பிறகு தலசேரிப் பக்கம் போய், 1859 வரை இந்தியாவில் இருந்தார். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேவுக்குத் தாய்வழித் தாத்தா. அந்த ஊர்க் குளிரில் வளர்ந்தவர் திருநெல்வேலி வெயிலில் என்ன பாடுபட்டாரோ என்று எனக்கு அங்கே இருக்கும்போது அடிக்கடி தோன்றும். புதிதாகப் போகிறவனுக்கு யாராவது ஒரு முன்னோடி தேவைப்படுகிறார், திசை எதுவாக இருந்தால் என்ன.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். நாம் அபார்ட்மெண்ட்காரர்கள், நமக்கு அதுதான் புரியும்.

அங்கே கட்டடத்துக்கு எண் உண்டு, ஃப்ளாட்டுக்கு எண் கிடையாது. "சி பிளாக், 304" என்றெல்லாம் இல்லை. வாசலில் வரிசையாக அழைப்பு மணிப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குடும்பப் பெயர். தபால் பெட்டியிலும் அதே பெயர். பெயர் ஒட்டவில்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். அந்த நாட்டில் வங்கி, காப்பீடு, வரி என்று எல்லாமே கடிதமாகத்தான் வரும். குடிபோன 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் அடுத்த வேலை எதுவும் நடக்காது.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் அப்பாவின் பெயர் இருந்தது. அதனால் மணிப் பொத்தானில் அப்பாவின் பெயர், தபால் பெட்டியில் அப்பாவின் பெயர், பக்கத்து வீட்டார் கூப்பிடுவதும் "ஹெர்" போட்டு அப்பாவின் பெயர். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை ஒரு நாளும் பார்த்திராத ஒரு தெருவில் தினம் நாலு பேர் அவர் பெயரைச் சொன்னார்கள். அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை.

நான் போனது ஆகஸ்ட் கடைசி. மனைவியும் மகளும் பள்ளிக்கூட வருஷம் முடிந்து அடுத்த கோடையில் வருவதாக ஏற்பாடு. ஆகஸ்டில் அந்த ஊரைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். இரவு எட்டு மணிக்கு மேலும் வெளிச்சம். பூங்காவில் குழந்தைகள். செப்டம்பரில் மரங்கள் மஞ்சளாகும், தரை முழுக்கச் செஸ்ட்நட் காய்கள் உருளும். உங்கள் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில் எடுத்தவைதான். நவம்பரில் படங்கள் குறையும். கவனித்திருப்பீர்கள்.

குளிரைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஸ்டுட்கார்ட்டில் டிசம்பரில் பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சற்று மேலும் கீழுமாக இருக்கும். பள்ளத்தில் இருக்கும் ஊர் என்பதால் பனி குறைவு, மழையும் சாம்பல் நிற வானமும்தான் அதிகம். வீட்டுக்குள் 20 டிகிரி. பஸ்ஸில், ரயிலில், ஆபீஸில் எல்லாம் ஹீட்டர். வெளியே நடக்கும் பத்து நிமிடத்துக்கு நல்ல ஜாக்கெட், நல்ல ஷூ, தொப்பி, கையுறை இருந்தால் போதும். தயவுசெய்து இங்கிருந்து தடிமனான ஸ்வெட்டர் வாங்கி அனுப்பாதீர்கள். ஒரே தடித்த உடையைவிட மெல்லிசாக இரண்டு மூன்று அடுக்குதான் சௌகரியம், உள்ளே போனதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஜாக்கெட்டும் ஷூவும் அங்கேயே வாங்குவது நல்லது. முக்கியமாக ஷூவின் அடிப்பாகம். ஈரத்திலும் உறைபனியிலும் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மங்கி கேப் வேண்டவே வேண்டாம். அம்மா, நீங்கள் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பிரச்சினை குளிர் இல்லை. இருட்டு.

அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை 3 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி 2 ஆக்கிவிடுவார்கள். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் ஒரே நேரத்தில். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அன்றிலிருந்து நாலரை. இது உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். பையன் ஆபீஸ் முடித்து 6 மணிக்கு வெளியே வந்து கூப்பிட்டால் இதுவரை இங்கே இரவு 9:30. இனிமேல் 10:30. "முன்ன மாதிரி பேசறதில்லை, மாறிட்டான்" என்று நினைக்காதீர்கள். மாறியது கடிகாரம்தான். மார்ச் கடைசி ஞாயிறு பழையபடி வந்துவிடும்.

அந்த ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து வெளியே வந்தால் பொழுது சாய்ந்துவிட்டிருக்கும். அதன்பின் ஒவ்வொரு நாளும் இரண்டிரண்டு நிமிடமாகப் பகல் சுருங்கும். டிசம்பர் மூன்றாம் வாரம் சூரியன் உதிப்பது காலை 8:10-க்குப் பிறகு, மறைவது மாலை 4:30-க்கு. எட்டே கால் மணி நேரப் பகல். அதுவும் மேகம் மூடிய பகல். நம் சென்னையில் வருடத்தின் மிகக் குறுகிய நாளுக்கும் பதினொன்றே கால் மணி நேரம் வெளிச்சம் உண்டு. நமக்குப் பகல் நீளுவதும் சுருங்குவதும் தெரியவே தெரியாது. அங்கே அது உடம்புக்குத் தெரியும். போகும்போது இருட்டு, வரும்போது இருட்டு. சனி, ஞாயிறு மட்டுமே உங்கள் வீடு வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை அந்த ஊர் வெயிலில் நம் தோல் வைட்டமின் டி தயாரிக்கும் அளவுக்குச் சக்தி கிடையாது. நம் தோல் நிறத்துக்கு இன்னும் கஷ்டம். உங்கள் பிள்ளை சோர்வாக இருக்கிறது என்று சொன்னால், முதலில் அங்கே உள்ள டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக இங்கிருந்து அனுப்ப வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும். சட்டம். ரயில் நிலையத்துக் கடை, பேக்கரி மாதிரி சில விதிவிலக்குகள்தான். டிரில் போடக் கூடாது, சத்தமாக எதுவும் செய்யக் கூடாது. பழைய பாட்டில்களைப் போடும் தெருத்தொட்டியில்கூட ஞாயிறு அன்று கண்ணாடி போடக் கூடாது, சத்தம் வரும் என்பதற்காக. கோடையில் இந்த அமைதி சொர்க்கம். நவம்பர் ஞாயிறு மாலை 5 மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டாக இருக்கும்போது, அதே அமைதி வேறு மாதிரி இருக்கும். முதல் நவம்பரில் ஒரு வெள்ளி மாலை ஆபீஸை விட்டு வந்தவன், திங்கள் காலை வரை பேசிய சொற்கள் சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் சொன்ன "ஹலோ", "நன்றி", "நல்லபடியாக வார இறுதி அமையட்டும்" இவ்வளவுதான். போனில் அம்மாவிடம் பேசியது தனி. அதில் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "குளிருதா", "இல்லை". இரண்டு பக்கமும் பொய் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றும் சொல்லவில்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், தனியாகப் போன பிள்ளைகள் இதைச் சொல்ல மாட்டார்கள். நல்ல சம்பளம், நல்ல வீடு, சுத்தமான காற்று. என்ன குறை என்று சொல்வது?

என்னை அதிலிருந்து வெளியே இழுத்தது ஒரு மரப்பலகை. உள்ளங்கை அளவு இருக்கும். ஒரு ஞாயிறு இரவு என் கதவுக் கைப்பிடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் எழுதியிருந்தது, 'கேர்வோஹே'.

பெருக்கும் வாரம் என்று அர்த்தம். அந்த வட்டாரத்துக்கே உரிய வழக்கம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் அவர் முறை. சின்ன முறை என்றால் உங்கள் மாடிப் படிகளும் நடையும். பெரிய முறை என்றால் வாசல், நடைபாதை, நிலவறை, குப்பைத் தொட்டிகளைத் தெருவோரம் கொண்டுபோய் வைத்துத் திரும்ப எடுத்து வருவது. இந்த வழக்கத்தின் வேர் 15-ஆம் நூற்றாண்டு நகரச் சட்டங்கள் வரை போகிறது என்பார்கள். 1988-இல் ஸ்டுட்கார்ட் நகராட்சி தன் விதியிலிருந்து இதை எடுத்துவிட்டது. ஆனாலும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதைவிட, பக்கத்து வீட்டாரின் பார்வையில் இருக்கிறது. ஆள் வைத்துப் பெருக்க முடியாதா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். சில கட்டடங்களில் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள், எல்லோருக்கும் செலவு பிரியும். எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு. ஆறு வீட்டாரும் பெருக்கினார்கள். கிரவுண்ட் ஃப்ளோரில் ஒரு ஆசிரியை, எனக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு பேருந்து ஓட்டுநர் குடும்பம். அந்தக் குடும்பத் தலைவர் குரோஷியாவிலிருந்து சின்ன வயதில் வந்தவர்.

முதல் மாடியில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. தனியாக இருந்தார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்றே கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார். எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஜெர்மன் ஒன்று, அவர் பேசியது வேறொன்று. அந்த மாநில அரசே தன் விளம்பரத்தில் "எங்களுக்கு எல்லாம் வரும், செந்தர ஜெர்மன் மட்டும் வராது" என்று கிண்டலடித்துக்கொண்டது, அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் விளக்குமாறு பிடிக்க மொழி தேவையில்லை. துடைப்பத்தை மேலிருந்து கீழாக, சுவரோரத்திலிருந்து வெளிப்பக்கமாக என்று செய்து காட்டினார். பிறகு ஈரத்துணி. பிறகு கைப்பிடிக் கம்பியையும் துடைக்க வேண்டும். நான் முடித்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். தலையை ஆட்டினார். அதற்குமேல் பாராட்டு அந்த ஊரில் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்த நாளிலிருந்து மாடிப்படியில் பார்ப்பவர்கள் எல்லோரும் நின்று பேசினார்கள். இலை உதிரும் காலத்தில் பெரிய முறை வந்தால் எந்த நேரத்தில் பெருக்குவது என்று ஓட்டுநர் சொன்னார். பனி விழுந்தால் வேலை நாட்களில் காலை 7 மணிக்குள் நடைபாதையில் ஒருவர் நடக்கும் அகலத்துக்கு வழி செய்திருக்க வேண்டும், உப்பு போடக் கூடாது, மண்ணுக்கும் மரத்துக்கும் நாய்களின் காலுக்கும் கெடுதல், பொடிக்கல்தான் தூவ வேண்டும், அது நிலவறையில் எந்த வாளியில் இருக்கிறது என்பதை ஆசிரியை காட்டினார். அந்தக் குளிர்காலத்தில் பனி என் முறையில் வந்தது இரண்டே நாள். ஐந்தரைக்கு எழுந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் மண்வாரியோடு நின்றால், தெரு முழுக்க வாசலுக்கு ஒருவர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். மார்கழியில் கோலம் போட நம் தெருவில் எல்லா வாசலிலும் விளக்கு எரியுமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டைச் சூடாக வைப்பதும் தனிப் படிப்புதான், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழும் ஒரு ஹீட்டர், அதில் 1 முதல் 5 வரை திருகு. 3 என்றால் அறை சுமார் 20 டிகிரிக்கு வரும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 4 டிகிரி. 5-இல் வைத்தால் வேகமாகச் சூடாகும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். வேகம் அதேதான், எங்கே நிற்கும் என்பதுதான் மாறும்.

இதில் பெரிய விசித்திரம், அத்தனை பாடுபட்டு உள்ளே வைத்த சூட்டை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வெளியே விட வேண்டும். ஜன்னல்களை முழுதாகத் திறந்து ஐந்து, பத்து நிமிடம். 'லுஃப்டன்' என்பார்கள். சமையல், குளியல், துணி உலர்த்துவது, மூச்சு என்று ஒரு குடும்பம் நாளொன்றுக்குப் பல லிட்டர் ஈரத்தைக் காற்றில் விடுகிறது. வெளியேற வழி இல்லையென்றால் குளிர்ந்த சுவரில் போய்ப் படிந்து கரும்பூஞ்சை பிடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், குழந்தைக்குக் குளிருமே என்று நவம்பர் முழுக்க ஜன்னலைத் திறக்கவில்லை. தினமும் இட்லி, சாம்பார், சோறு. பிப்ரவரியில் அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்பு. மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்கியிருப்பார்கள், அதில் பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். ஆகவே, "ஏண்டா குளிர்ல ஜன்னலைத் திறந்து வச்சிருக்கே" என்று வீடியோ காலில் சத்தம் போடாதீர்கள்.

ஹீட்டர் செலவைப் பிரிப்பதைக் கேட்டால் நம் பொதுக்குழுவுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒவ்வொரு ஹீட்டரிலும் ஒரு சின்ன அளவுக் கருவி. வருடக் கடைசியில் மொத்தக் கட்டடத்தின் செலவில் குறைந்தது பாதி, அதிகபட்சம் 70 சதவீதம், யார் எவ்வளவு பயன்படுத்தினார்களோ அதன்படி. மீதி சதுரப் பரப்பளவுப்படி. இது நாடு முழுக்க ஒரே விதி. ஏன் எல்லாவற்றையும் பயன்பாட்டுப்படி போடக் கூடாது என்று கேட்டேன். நடுவீட்டுக்காரருக்குச் சுற்றிலும் உள்ள வீட்டுச் சூடு இலவசமாகக் கிடைக்கும், மூலைவீட்டுக்காரருக்குக் கிடைக்காது என்றார் ஓட்டுநர். நாம் ஜெனரேட்டர் டீசலுக்குச் சதுர அடியா, சமபங்கா என்று மூன்று வருடமாகச் சண்டை போடுகிறோம். இன்றைக்கு அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இருட்டை அந்த ஊர்க்காரர்கள் சும்மா விடுவதில்லை. நவம்பர் 11-ஐ ஒட்டிச் சின்னக் குழந்தைகள் காகித விளக்கு ஏந்தித் தெருவில் பாடிக்கொண்டு போவார்கள். டிசம்பர் 5 இரவு குழந்தைகள் ஷூவைத் துடைத்துக் கதவுக்கு வெளியே வைப்பார்கள், காலையில் அதில் கொட்டைப் பருப்பு, ஆரஞ்சு, சாக்லேட் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரம் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றுவார்கள். நவம்பர் கடைசியில் நகர மையத்தில் கிறிஸ்துமஸ் சந்தை. 1692-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதன் பெயர் வருகிறதாம். நான் தீபாவளிக்கு ஜன்னலில் ஆறு அகல் ஏற்றினேன். கீழே போன ஆசிரியை நின்று பார்த்துவிட்டு, இந்த வருடம் யார் முதலில் விளக்கு வைத்தது என்று பாட்டியிடம் போய்ச் சொன்னாராம்.

இப்போது பாட்டியின் ஷட்டர் பற்றி. அங்கே ஜன்னல்களுக்கு வெளியே, நம் கடை ஷட்டர் மாதிரி, உள்ளிருந்து பட்டையால் இழுக்கும் சுருள் மறைப்பு உண்டு. இரவில் இறக்குவார்கள், காலையில் ஏற்றுவார்கள். பாட்டி தினமும் ஏழரைக்கு ஏற்றிவிடுவார். குளிர்காலத்தில் அந்த நேரத்துக்கு வெளியே இருட்டாக இருந்தாலும் ஏற்றுவார். ஏன் என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்து வேலை. எட்டே முக்கால் இருக்கும். ஆசிரியை என் மணியை அடித்தார். "பாட்டி வீட்டு ஷட்டர் இன்னும் ஏறவில்லை."

அந்த ஊர்க் கதவுகள் வெளியே இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். சாவியை உள்ளே விட்டுவிட்டால் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட வேண்டும், பெரிய செலவு. அதனால் ஒவ்வொருவரும் இன்னொரு சாவியைப் பக்கத்தில் யாரிடமாவது கொடுத்து வைத்திருப்பார்கள். பாட்டியின் சாவி மூன்றாம் மாடியில் இருந்தது. ஓட்டுநரின் மனைவி கொண்டுவந்து திறந்தார். சமையலறைத் தரையில் கிடந்தார் பாட்டி. முந்தைய இரவு விழுந்திருக்கிறார், இடுப்பு எலும்பு முறிவு, எழுந்திருக்க முடியவில்லை. நினைவு இருந்தது. 112-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸ் வரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இந்த வாரம் பலகை தன் கதவில் தொங்குகிறது, யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொண்டோம். ஏப்ரலில் கைத்தடியோடு திரும்பி வந்தார். நான் ஊர் திரும்பும்போதும் அதே முதல் மாடியில்தான் இருந்தார். படி பெருக்குவதை மட்டும் மற்றவர்களுக்குள் பிரித்துக்கொண்டோம், கண்காணிப்பதை அவர் விடவில்லை.

அன்று இரவு அம்மாவிடம் பேசும்போது கேட்டேன்: "அம்மா, நம்ம வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?" அம்மா, "எதுக்குடா, நான்தானே இருக்கேன்" என்றார். அதைத்தான் கேட்கிறேன் என்றேன். எதிர் ஃப்ளாட் அக்காவிடம் ஒரு சாவி கொடுத்தோம். அடுத்த டிசம்பர், இங்கே நாலு நாள் விடாத மழை. அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், எழுந்து போனை எடுக்கவும் தெம்பில்லை. கதவில் தொங்கிய பால் பை எட்டு மணி ஆகியும் உள்ளே போகவில்லை என்பதை அக்கா பார்த்திருக்கிறார். மணி அடித்தார், திறந்தார், டாக்டரிடம் அழைத்துப் போனார். எனக்கு விஷயம் தெரிந்தபோது அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா இன்றைக்கும் பின்வரிசையில் இருக்கிறார், கைதட்ட வேண்டாம், கோபித்துக்கொள்வார்.

அதனால் இந்த நவம்பரில் உங்கள் பிள்ளைகளிடம் "குளிருதா" என்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போது வெளியே போனாயா? மதியம் சாப்பிட்டபின் இருபது நிமிடம் நடந்தால்கூடப் போதும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்? பெயர் தெரியவில்லை என்றால், வாசல் பொத்தானிலேயே எழுதியிருக்கும், பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். உன் வீட்டுச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது? மூன்றாவதைக் கேட்டால் உடனே அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். அதற்குத்தான் இந்தத் தாள்.

நுழைவாயில் பக்க மேஜையில் வைத்திருக்கிறோம். சங்கம் யார் சாவியையும் வாங்கி வைக்காது, செக்யூரிட்டி அறையிலும் இருக்காது. நீங்களே உங்களுக்கு நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள். எந்த வீட்டில் என்பதையும், உங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் யார், வெளியூரில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் மட்டும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, உங்கள் பிளாக் பிரதிநிதியிடம் கொடுங்கள். அவசரம் என்றால் மட்டுமே உறை பிரிக்கப்படும். சி பிளாக்கில் தனியாக இருக்கும் ஏழு பேரில் ஐந்து பேர் கொடுத்துவிட்டார்கள். ஏ, பி பிளாக்கில் இன்னும் தொடங்கவில்லை. காலையில் பால் பை எடுக்க நேரமாகும் வழக்கமுள்ளவர்கள் அதையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் ஆறரைக்கே மணி அடித்து உங்களை எழுப்பிவிடுவார்கள்.

மழை பிடித்துவிட்டது, சத்தம் கேட்கிறது. பேஸ்மெண்டில் கார் நிறுத்தியிருப்பவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள், பம்ப்பை ஓட விட்டிருக்கிறார்கள். காபி உள்ளே இருக்கிறது.